திருவையாறா, கல்லிடைக்குறிச்சியா, பவானியா?

எதிர் மனையில் அடுக்குமாடி எழும்பத் தொடங்கி ஒன்றரை வருடம் ஆகிறது. காலை ஏழு மணிக்குக் கம்பி வெட்ட ஆரம்பித்தால் விளக்கு வைக்கும் நேரம் வரை ஓயாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, “காபி போடட்டுமா?” என்று அம்மாவிடம் நான் மூன்றாவது முறையாகக் கத்தியபோதுதான் அக்கா அந்தப் பேச்சை எடுத்தாள். “ஆறு ஓடற சின்ன ஊரா பார்த்து ஒரு வருஷம் வாடகைக்கு இருந்து பார்ப்போமாடி?”

வீட்டில் நாங்கள் மூன்று பேர். அம்மாவுக்கு 76 வயது. சர்க்கரை உண்டு, முழங்கால் வலி உண்டு, பேச ஆள் கிடைத்தால் இரண்டும் மறந்து போகும். அக்கா வங்கி வேலையிலிருந்து விருப்ப ஓய்வு வாங்கியவள், கொஞ்சம் பாடுவாள். நான் புத்தகங்களுக்குப் பக்கம் வடிவமைக்கிறேன். இணையமும் மின்சாரமும் இருந்தால் எனக்கு எந்த ஊரும் சரி. சென்னையில் எங்கள் சனி ஞாயிறு எப்படிப் போகிறது என்று ஒருநாள் எழுதிப் பார்த்தோம். துணி துவைப்பது, மாவு அரைப்பது, ஏதாவது ஒரு வரவேற்புக்கு இரண்டு மணி நேரம் போய் இரண்டு மணி நேரம் திரும்புவது. இதற்குப் பெயர் விடுமுறை.

வீடு வாங்குவது என்ற பேச்சே இல்லை. ஒரு வருட வாடகை, பிடிக்கவில்லை என்றால் திரும்பி வந்துவிடலாம். முதலில் நான்கு ஊர்களின் பெயர்கள் இருந்தன. கும்பகோணத்தை ஊருக்குப் போகாமலேயே கழித்தோம். எனக்கு ரொம்பப் பிடித்த ஊர்தான்; காவிரி ஒரு பக்கம், அரசலாறு ஒரு பக்கம், நடுவில் அந்த டிகிரி காபி. ஆனால் அது சின்ன ஊர் இல்லை. தாராசுரம் பக்கமிருந்து உள்ளே நுழைவதற்குள் எங்கள் மடிப்பாக்கம் நினைவுக்கு வந்துவிடும். போதாக்குறைக்கு 2028-ல் மகாமகம். அதற்கு முன்பு ஊரில் தோண்டாத தெரு இருக்காது என்பது என் கணக்கு.

மிச்சம் மூன்று. அம்மா ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். “கல்யாண வீட்டுல வச்சுப் பொண்ணப் பாக்காத. சாதாரண நாள்ல போய்ப் பாரு.” அதனால் ஒவ்வொரு ஊரிலும் ஒரு சனி, ஞாயிறோடு ஒரு செவ்வாய்க்கிழமையும் இருந்துவிட்டு வருவது என்று முடிவு. இந்தச் செவ்வாய்க்கிழமைதான் எங்கள் கணக்கையெல்லாம் மாற்றியது.

பவானியைச் சீக்கிரம் சொல்லி முடித்துவிடலாம். சென்னையிலிருந்து போவதற்குச் சுலபம். ராத்திரி ஏற்காடு எக்ஸ்பிரஸில் படுத்தால் விடியும்போது ஈரோடு, அங்கிருந்து டவுன் பஸ். காவிரியும் பவானியும் கூடுகிற இடத்தில் சங்கமேசுவரர் கோயில், அதன் பின்னால் கூடுதுறை. ஆற்றில் தண்ணீர் இல்லாமல் போகும் பயமும் அங்கே குறைவு. மேட்டூருக்குக் கீழே மின்சாரத்துக்காக வரிசையாகக் கதவணைகள் கட்டியிருக்கிறார்கள். ஊராட்சிக்கோட்டையில் இருப்பது ஊருக்குப் பக்கத்திலேயே. அதனால் கோடையிலும் காவிரி அகலமாக, கண்ணாடி மாதிரி நிற்கிறது. நிற்கிறது என்பதுதான் விஷயம். எனக்கு ஓடுகிற தண்ணீர் வேண்டும்.

ஆனால் நாங்கள் பவானியை விட்டதற்குத் தண்ணீர் காரணமில்லை. கூடுதுறை தர்ப்பணத்துக்கும் பரிகாரத்துக்கும் பெயர் போன இடம். செவ்வாய்க்கிழமை காலையிலும் வேன் வேனாக வெளியூர்க்காரர்கள் வந்து இறங்கினார்கள். படியில் உட்கார்ந்து காலை நனைக்கலாம் என்று அம்மா போனால், சுற்றிலும் எள்ளும் பிண்டமும், யாரோ ஒருவருடைய துக்கமும். “நம்ம உக்காந்து வேடிக்கை பாக்கற எடமா இது?” என்று எழுந்துவிட்டாள். எதிர்க்கரையில் குமாரபாளையம், விசைத்தறியும் சாயப்பட்டறையும் இருக்கிற ஊரின் நிழல் ஆற்றில் விழாமல் இருக்குமா?

அந்த ஊரில் எனக்குப் பிடித்தது தறிதான். புவிசார் குறியீடு வாங்கிய பவானி ஜமக்காளம் இன்னும் குழித்தறியில் ஓடுகிறது. குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்திருந்த பெரியவர், சிவப்பும் பச்சையும் மாறும் இடத்தில் நூலை நாக்கால் ஈரப்படுத்தி முடிச்சுப் போட்டுக்கொண்டே, “இதெல்லாம் நீங்க வாங்கி என்னங்க பண்ணுவீங்க, இப்பத்தான் வீட்ல எல்லாரும் சோபால உக்காந்துக்கறாங்களே” என்றார். ஒன்று வாங்கி வந்தோம். இப்போது அம்மாவின் மத்தியானத் தூக்கம் அதில்தான். பவானி உழைக்கிற ஊர். நாங்கள் தேடிப் போனது ஓய்வு. தப்பு ஊர் மேல் இல்லை.

திருவையாற்றில்தான் உண்மையான தடுமாற்றம் ஆரம்பித்தது. அக்காவுக்கு மனதில் அந்த ஊர் எப்போதோ முடிவாகிவிட்டது. 2025 ஜனவரியில் தியாகராஜர் ஆராதனைக்குப் போனோம். தஞ்சாவூரிலிருந்து 13 கிலோமீட்டர்தான். அதற்குள் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி என்று பஸ் ஒவ்வொரு பாலமாக ஏறி இறங்கி, ஐந்தாவதாகக் காவிரியில் போய் நிற்கும். ஐயாறு என்ற பெயரைப் பஸ் டிக்கெட்டிலேயே புரிந்துகொள்ளலாம். தியாகராஜர் சமாதியில் பஞ்சமி அன்று காலை பஞ்சரத்தின கீர்த்தனைகள் தொடங்கும்போது பந்தலுக்கு வெளியே நின்றோம். நாட்டை முடிந்து கௌளை, அப்புறம் ஆரபி. அக்கா வாய்விட்டுப் பாடினாள். பெங்களூரு நாகரத்தினம்மாள் தன் கைப்பொருளைப் போட்டு எழுப்பிய சமாதி அது. பெண்கள் அங்கே சமமாக உட்கார்ந்து பாடுவதற்கே அவர் போராட வேண்டியிருந்தது. இப்போது ஆண், பெண் என்று ஆயிரக்கணக்கான குரல்கள். பின்னால் காவிரி கரை முட்ட ஓடிக்கொண்டிருந்தது. புஷ்ய மண்டபப் படித்துறையில் அக்கா இறங்கி முகம் கழுவிக்கொண்டு, “இங்கதான்” என்றாள். இது கல்யாண வீடு என்று அம்மா ஞாபகப்படுத்தினாள்.

ஏப்ரலில் ஒரு செவ்வாய்க்கிழமை மறுபடி போனோம். அதே படித்துறை. கடைசிப் படிக்குக் கீழே மணல். நடுவில் இரண்டு குட்டை, அதன் ஓரம் கோரை. அதற்கு அந்தப் பக்கம் பையன்கள் ஸ்டம்பு நட்டுக் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். பந்து உருண்டால் காவிரியைக் கடந்து எடுத்துவந்தான் ஒருவன், கால் நனையாமல்.

இதை யாரும் ஒளித்து வைக்கவில்லை. டெல்டாக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த கணக்குதான். மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறப்பதும் ஜனவரி 28-ல் மூடுவதும் வழக்கம். திறந்த தண்ணீர் கல்லணைக்கு வந்து சேர மூன்று, நான்கு நாள். ஆக பிப்ரவரி தொடங்கி ஜூன் பாதி வரை ஆறு மணல்தான். அதுவும் அணையில் தண்ணீர் இருந்தால். 2023-ல் ஜூன் 12-ல் திறந்து, இருப்புப் போதாமல் அக்டோபரிலேயே மூடினார்கள். 2024-ல் ஜூன் 12-ல் திறக்கவே இல்லை. ஜூலை 28-ல்தான் திறந்தார்கள், பதினெட்டாம் பெருக்குக்கு ஆறு நாள் இருக்கும்போது. ஆராதனை பெரும்பாலும் ஜனவரியில் வருகிறது, அணை மூடுவதற்கு முன்னால். அதனால் வெளியூரிலிருந்து பாடவும் கேட்கவும் வருகிறவர்கள் மனதில் திருவையாறு என்றால் நிரம்பி ஓடும் காவிரிதான். நாங்களும் அப்படித்தான் ஏமாறத் தெரிந்தோம்.

ஆனால் நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். மணலாகக் கிடக்கும் காவிரியும் அந்த ஊருக்குப் பயன்படுகிறது. சாயங்காலம் வெயில் தணிந்ததும் குடும்பம் குடும்பமாக மணலில் வந்து உட்கார்கிறார்கள். அந்தச் செவ்வாய்க்கிழமை இருட்டும் வரை நாங்களும் உட்கார்ந்திருந்தோம். ஒரு அம்மாள் தூக்குவாளியில் கொண்டுவந்த சுண்டலைக் கேட்காமலேயே எங்களுக்கும் வைத்தார். “ஜூன்ல தண்ணி வர்றப்ப வாங்க. முதல்ல நுரையும் சருகுமாத்தான் வரும். பசங்க அதுகூடவே ஓடுவாங்க, நாங்க பூப் போடுவோம்” என்றார். வருடம் முழுக்கத் தண்ணீர் ஓடும் ஊரில் இப்படி ஒரு நாள் கிடையாது. இது அக்காவின் வாதம். எனக்குப் பதில் தெரியவில்லை.

மற்ற விஷயங்களில் திருவையாறு அள்ளிக் கொடுக்கிறது. ஐயாறப்பர் கோயில் பிராகாரத்தில் ஓர் இடத்தில் நின்று கூப்பிட்டால் குரல் திரும்பத் திரும்ப எதிரொலிக்கும். அம்மா என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்துச் சிரித்தாள். இசைக் கல்லூரி இருப்பதால் சாதாரண நாளிலும் தெருவில் நடக்கும்போது எங்காவது ஒரு வயலின் சுருதி சேர்ந்துகொண்டிருக்கும். அசோகா அல்வா. பாசிப்பருப்பை வேகவைத்துச் சர்க்கரையும் நெய்யும் போட்டுக் கிளறி, வாழையிலையில் வைத்துச் சுடச்சுடத் தருவது. கையில் ஒட்டாமல் வழுக்கும். சித்திரையில் ஏழூர்ப் பல்லக்கு. சனிக்கிழமை ஒன்றும் தோன்றவில்லை என்றால் திருப்பழனம், திருக்கண்டியூர், திருப்பூந்துருத்தி என்று சைக்கிளிலேயே பாடல் பெற்ற தலங்களைச் சுற்றி வரலாம். மேட்டூரிலிருந்து பெருவெள்ளம் வந்தாலும் முக்கொம்பில் பிரித்துக் கொள்ளிடத்தில் திருப்பிவிடுவார்கள் என்பதால் ஆற்றங்கரையில் படுத்துத் தூங்கப் பயம் குறைவு. அம்மாவுக்கு ஏதாவது என்றால் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சென்னைக்கு உழவன் எக்ஸ்பிரஸ், ஒரு ராத்திரிப் பயணம்.

காகிதத்தில் எழுதினால் திருவையாறு ஜெயித்துவிட்டது. அப்புறம் கல்லிடைக்குறிச்சி வந்து எல்லாவற்றையும் குழப்பியது.

முதலில் எங்கள் மனதில் இருந்தது அம்பாசமுத்திரம். தாமிரபரணியின் வடகரையில் அம்பை, தென்கரையில் கல்லிடைக்குறிச்சி. நடுவில் ஒரு பாலம், பக்கத்தில் ரயில் பாலம். மே கடைசியில் போய் இறங்கினோம். அந்தச் சனிக்கிழமை அம்பையில் எங்களுக்கு நல்ல அனுபவமாக இல்லை. பாபநாசம், அகத்தியர் அருவி, மணிமுத்தாறு என்று போகிற கார்களும் வேன்களும் ஊரின் நடுவே ஊர்ந்துகொண்டே இருந்தன. பாபநாசத்தில் கோயில் வாசலில் ஆற்றுக்குள் காலை வைத்தால் யாரோ விட்டுப் போன பழைய வேட்டி காலில் சுற்றிக்கொள்கிறது. பரிகாரம் என்று உடுத்திய துணியை ஆற்றிலேயே விட்டுவிடும் பழக்கத்தை யார் ஆரம்பித்தார்களோ, அவர்களைப் பிடித்து ஒருநாள் முழுக்க அந்தத் துணிகளைப் பொறுக்கச் சொல்ல வேண்டும். “பவானிக்கே போயிருக்கலாம்” என்று அக்கா முணுமுணுத்தாள்.

ஞாயிறு சாயங்காலம் பாலத்தைத் தாண்டி நடந்து கல்லிடைக்குப் போனோம். பாலத்தின் அந்த முனையில் ஒலியே மாறுகிறது. அருவிக்குப் போகும் வண்டிகள் பெரிய ரோட்டோடு போய்விடுகின்றன. கல்லிடையின் ஞாயிற்றுக்கிழமை கல்லிடைக்காரர்களுக்கு மட்டும்தான். நீள நீளமான அக்கிரகாரத் தெருக்கள், திண்ணை, ரேழி, முற்றம், கூடம் என்று ரயில் பெட்டி போல் போய்க்கொண்டே இருக்கும் வீடுகள். பாதி வீட்டில் பூட்டு. சொந்தக்காரர்கள் மும்பையிலோ சென்னையிலோ இருக்கிறார்கள். கோயிலில் ஆதிவராகப் பெருமாள். இன்னொரு கோயிலான குலசேகரமுடையார் கோயிலிலிருந்து 1982-ல் களவு போன நடராசர், ஆஸ்திரேலிய அருங்காட்சியகத்தில் இருந்தது தெரிந்து, 2019-ல் ஊருக்குத் திரும்பி வந்தார். அதைக் கோயிலடியில் எங்களுக்குச் சொன்னவர், வெளிநாட்டுக்கு வேலைக்குப் போன தன் வீட்டுப் பிள்ளை திரும்பி வந்ததைச் சொல்வது போல் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்குள் படித்துறைக்குப் போய்விட்டேன். மே மாதம். டெல்டாவில் மணல் காய்ந்துகொண்டிருக்கும் மாதம். இங்கே தண்ணீர் இடுப்பளவு, அடிக் கூழாங்கல் தெரிய, மேற்கே பொதிகை மலையில் மேகம் கட்டி நிற்க, சலசலவென்று ஓடுகிறது. தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் இரண்டுமே இந்த ஆற்றுக்கு மழை தருகின்றன. பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் சேரும் வரை ஒரே மாநிலத்துக்குள் ஓடுவதால் பக்கத்து மாநிலத்தோடு பஞ்சாயத்தும் இல்லை. காலை வைத்ததும் சின்ன மீன்கள் வந்து கடித்தன. பித்தளைக் குடத்தைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மாள் நிமிர்ந்து பார்த்தார். “எங்க இருந்து வாரீய?” சொன்னேன். “மெட்ராஸா? குளிச்சிட்டுப் போங்க. ஆனா அந்தப் பாறையத் தாண்டிப் போவாதீய, பாசி வழுக்கும். மேல தொறந்து விட்டாமுன்னா தண்ணியும் கூடிரும்.” முங்கி எழுந்தேன். குளிர் காது வரை ஏறியது. அன்று மூன்று முறை குளித்தேன். அதற்கு முன் ஒரே நாளில் மூன்று முறை குளித்தது எனக்குக் காய்ச்சல் வந்து இறங்கிய நாளில்தான்.

அம்மா அன்று குளிக்கவில்லை. மூன்றாவது படியில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டாள். ஒரு மணி நேரத்தில் ஊரில் யார் வீட்டில் என்ன விசேஷம் என்பதெல்லாம் அவளுக்குத் தெரிந்துவிட்டது. அந்தக் குடம் தேய்த்த அம்மாளுடைய தெருவில் அப்பளம் இடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு அங்கேயும் போனாள். கல்லிடை அப்பளத்தின் ருசிக்கு உளுந்து பாதி, ஆற்றுத் தண்ணீர் பாதி என்பது ஊர்க்காரர்களின் பேச்சு. திண்ணையில் ஒரு பெண் எலுமிச்சை அளவு உருண்டையை எடுத்துப் பலகையில் வைத்து, குழவியை முன்னும் பின்னும் நாலே தள்ளு, நிலா மாதிரி ஒன்று விழுந்தது. அம்மாவும் ஒன்று இட்டாள். அது இலங்கை வரைபடம் மாதிரி வந்தது. “காயப்போட்டா தெரியாது, வைங்க” என்று அந்தப் பெண் அதையும் வரிசையில் சேர்த்துவிட்டாள்.

சாப்பாட்டுக்குக் குறைவில்லை. சொதி, கூட்டாஞ்சோறு, உளுந்தங்களி. இட்லிக்குச் சென்னையில் நாங்கள் தேடித் தேடி வாங்கும் ‘அம்பை 16’ அரிசி, எதிர்க்கரையில் இருக்கும் நெல் ஆராய்ச்சி நிலையத்துப் பிள்ளை என்பது அங்கே போய்த்தான் அம்மாவுக்குத் தெரிந்தது. ஜூன், ஜூலையில் சாரல். வெயிலடித்துக்கொண்டிருக்கும்போதே மலைப்பக்கக் காற்றில் பொடித்தூறல் வந்து முகத்தில் படும்.

சரி, குறைகள். முதலாவது வெள்ளம். வற்றாத ஆறு என்றால் பெருகவும் செய்யும். 2023 டிசம்பர் 17, 18-ல் இந்தப் பக்கம் கொட்டிய மழையை மறந்திருக்க மாட்டீர்கள். வீடு காட்டக் கூட்டிப்போனவர் ஆற்றுக்கு அருகே ஒரு சுவரில் இடுப்பு உயரத்துக்குப் படிந்திருந்த பழுப்புக் கோட்டைக் காட்டி, “இது அந்த மார்கழி” என்றார். “தொண்ணூத்திரெண்டுலயும் வந்துச்சு” என்று சேர்த்துக்கொண்டார். எனக்குப் பிடித்திருந்த வீடு அந்தச் சுவருக்கு எதிர் வீடு. திண்ணையிலிருந்தே ஆறு தெரியும். விட்டுவிட்டோம். ஆறு தெரியாத, ஆனால் ஐந்து நிமிட நடையில் படித்துறை வருகிற, மேட்டுத் தெருவில் பார்ப்பது என்று தீர்மானித்தோம். திருவையாற்றில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை.

இரண்டாவது மருத்துவம். எனக்குத் தூக்கம் கெட்டது இதில்தான். பாலம் தாண்டினால் அம்பையில் அரசு மருத்துவமனை இருக்கிறது. பெரிதாக ஏதாவது என்றால் திருநெல்வேலிக்குத்தான் ஓட வேண்டும்; சுமார் 40 கிலோமீட்டர், ஒரு மணி நேரத்துக்கு மேல். 76 வயதில் அந்த ஒரு மணி நேரம் என்ன விலை என்று யாரும் சொல்ல முடியாது. இந்த ஒரு விஷயத்தில் திருவையாறு எவ்வளவோ மேல். இதைச் சமாதானப்படுத்த நாங்கள் எந்தக் காரணமும் கண்டுபிடிக்கவில்லை. அம்மாவிடமே கேட்டோம். “நீங்க ரெண்டு பேரும் ஆபீஸ் மீட்டிங், பாட்டு கிளாஸ்னு இருக்கறப்ப நான் தனியா நாலு செவுத்தப் பாத்துட்டு இருக்கறது வியாதி இல்லையா?” என்றாள். மருத்துவர் மாத்திரைக்கு மூன்று மாதச் சீட்டு எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். தெருவிலேயே கார் வைத்திருப்பவர் ஒருவரின் எண்ணை வாங்கி வைத்திருக்கிறோம். இவ்வளவுதான் செய்ய முடிந்தது.

மூன்றாவது, சென்னை தூரம். நெல்லை எக்ஸ்பிரஸில் ஒரு ராத்திரி, அப்புறம் செங்கோட்டைப் பக்கம் போகும் பாசஞ்சர். திடீரென்று ஒரு கல்யாணம், ஒரு துக்கம் என்றால் ஒரு நாள் போய்விடும். அக்காவுக்கு இது குறை, எனக்கு வசதி.

மலையடிவாரம் என்பதால் சிறுத்தையும் கரடியும் ஊருக்குள் எட்டிப்பார்த்த செய்தி அவ்வப்போது வரும். அம்மா அதைக் கேட்டு, “மடிப்பாக்கத்து நாயை விடவா?” என்றாள்.

இரண்டு ஊருக்கும் பொதுவான ஒரு சங்கடமும் உண்டு. ஆற்றை ஒட்டிய நல்ல தெருக்களில் வீடு கேட்டுப் போனால் வாடகையைச் சொல்வதற்கு முன்பு நம் சமையலை விசாரிக்கிறார்கள். “நீங்க எப்படி, சைவம்தானே?” என்பது அதன் மரியாதையான வடிவம். அதற்குப் பின்னால் இருக்கும் கேள்வி எல்லோருக்கும் தெரிந்ததுதான். எங்கள் வீட்டில் வாரம் ஒருநாள் மீன் வாங்குவோம். வாங்க மாட்டோம் என்று பொய் சொல்லிக் குடிபோக எனக்கு இஷ்டமில்லை. அக்கா சொல்லலாம் என்றாள், இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை. கடைசியில் கல்லிடையில் ரயில் நிலையத்துப் பக்கம் ஒரு வீடு கிடைத்தது. முற்றம் கிடையாது, சிமெண்டுத் தரை, பின்னால் ஒரு முருங்கை. சொந்தக்காரர் கேட்ட ஒரே கேள்வி, “மோட்டார் ராத்திரி ஓடுதான்னு பாத்து அணைச்சிருவீகளா?”

எங்கள் தராசு கல்லிடை பக்கம் சாய்ந்ததற்குக் காரணம், நாங்கள் மூன்று பேர் என்பது. அக்கா மட்டும் போவதாக இருந்தால் திருவையாறுதான், யோசிக்கவே வேண்டாம். பாட்டு இருக்கிறவளுக்கு ஆறு வறண்டால் என்ன? சின்னப் பிள்ளைகள் இருக்கும் குடும்பத்துக்கும் நான் திருவையாற்றையே சொல்வேன். தஞ்சாவூர்ப் பள்ளிகள் பக்கம், ஆறும் பாதி வருடம் விளையாட்டுத் திடல். இதய நோயாளி வீட்டில் இருந்தால் கல்லிடையைப் பற்றிப் பேசவே கூடாது. வாரத்தில் பாதி நாள் கோயம்புத்தூர், ஈரோடு என்று வேலை இருக்கிறவர்களுக்குப் பவானி தோதான ஊர். கூடுதுறைப் பக்கம் போகாமல், மேலே கதவணைப் பக்கம் காலாற நடக்கலாம். எனக்கு ஓடும் தண்ணீர், அம்மாவுக்குப் படித்துறையில் பேச்சுத்துணை. இரண்டுக்கு ஒன்று என்று அக்கா தோற்றாள்.

தோற்றவள் சும்மா விடவில்லை. ஒரு தாளில் நிபந்தனை எழுதி என்னிடமும் அம்மாவிடமும் கையெழுத்து வாங்கினாள். ஜனவரியில் ஆராதனை ஐந்து நாளும் மூன்று பேரும் திருவையாற்றில். அடுத்த ஜூனில் மேட்டூர் திறந்த செய்தி வந்த அன்றே பையைத் தூக்கிக்கொண்டு போய், கல்லணைத் தண்ணீர் புஷ்ய மண்டபப் படித்துறையைத் தொடும்போது அங்கே நிற்பது. பயணச் செலவு என்னுடையது.

ஆவணி பிறந்ததும் குடிபோகிறோம். அக்கா சுருதிப் பெட்டியை முதல் ஆளாகக் கட்டி வைத்துவிட்டாள். அம்மா பவானி ஜமக்காளத்தைச் சுருட்டிக்கொண்டிருக்கிறாள், மத்தியானத் தூக்கத்துக்கு. எதிரே நான்காவது தளத்துக்குக் கம்பி வெட்டிக்கொண்டிருக்கிறார்கள்.